தகட்டில் எழுதிய நிறம்

ஒரு செடி என்ன நிறத்தில் பூக்கும் என்று கேட்டு அவரிடம் பதில் வாங்கியவர் யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாத்தளைக்கு அருகே பலாபத்வலயில் வீதியோரம், வாகனங்கள் வேகத்தைக் குறைக்கும் இடமாகப் பார்த்து, ஒரு நீலப் பொலித்தீன் விரிப்பில் செடிகளைப் பரப்பிக்கொண்டு குந்தியிருப்பார். அவருக்கு இரண்டு பக்கமும் வேறு ஆட்கள் செடி விற்பார்கள். அவர்கள் மொட்டு விடாத செடிகளில் பூவின் கலர்ப் படத்தைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். படத்தில் உள்ள பூ அந்தச் செடியில் எப்போதாவது பூக்குமா என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். இவரிடம் படம் கிடையாது. பூத்த செடி முன்வரிசையில், விற்பனைக்கு. பூக்காதது பின்வரிசையில், விற்பனைக்கு இல்லை. விற்காத செடியை எதற்காக மலையிலிருந்து பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டால், ஒருவேளை இங்கே வந்து பூத்துவிட்டால் என்பார்.

ஒரு நாள் யட்டவத்தயிலிருந்து ஒரு பெண்மணி வேனில் வந்து இறங்கினார். புது வீட்டுக்குப் பால் காய்ச்சப் போகிறார்களாம், முற்றம் முழுக்க மஞ்சள் செவ்வந்தி வைக்க வேண்டுமாம். இவருடைய பின்வரிசையில் முப்பது கன்றுகள் தளதளவென்று நின்றன. மஞ்சளா என்று கேட்டார் பெண்மணி. பூக்கட்டும் என்றார் இவர். தாய்ச்செடி என்ன நிறம் என்று கேட்டதற்கு, தாய் மஞ்சள்தான், ஆனால் இது விதையில் வந்தது, தகப்பன் யார் என்று வண்டைத்தான் கேட்க வேண்டும் என்றார். பெண்மணி தலையில் அடித்துக்கொண்டு பக்கத்து ஆளிடம் முப்பது செடி வாங்கிப் போனார். அடுத்த மாதம் அதே வேன் நின்றது. முப்பதும் மஞ்சளாகவே பூத்தது என்று சொல்லிக்காட்டுவதற்காகவே நிறுத்தியிருக்கிறார். இவருக்கு வருத்தம் வரவில்லை. "முத்தத்துல மஞ்சள் நல்லா எடுப்பா இருக்குமுங்க" என்று மனசாரச் சந்தோஷப்பட்டார்.

நான் இதற்கு நேர் எதிரான ஆள். மாத்தளையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். இந்த வருடம் பரீட்சையில் எந்தக் கேள்வி வரும் என்று முன்கூட்டிச் சொல்வது என் தொழிலில் பாதி. வந்தால் பிள்ளைகள் ஊரெல்லாம் சொல்லித் திரிவார்கள். வராவிட்டால் நான் அடுத்த வருடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். கறியை ருசி பார்க்கும் முன்பே உப்புக் கூடிவிட்டது என்று சொல்லி மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவன். பாடசாலைத் தோட்டத்துக்கு அந்தூரியம் வாங்கப் போன இடத்தில்தான் இந்த மனிதர் எனக்குச் சிநேகிதரானார்.

அவர் மாத்தளைக்கு மேலே மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பங்களாவின் பூந்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னர் துரைமார் குடியிருந்த பங்களா, இப்போது வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு நாள் தங்கிப் படமெடுத்துவிட்டுப் போகிற இடம். நாற்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு. காதுக்கு மேல் எப்போதும் ஒரு தென்னை ஈர்க்கைச் செருகி வைத்திருப்பார். அது பல் குத்த அல்ல, இலைக்கு அடியில் இருக்கும் பூச்சியை நசுக்காமல் தள்ளிவிட. மனைவி மலையில் கொழுந்து எடுத்தார். ஒரே மகள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், இவர்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி, அவருடைய அக்கா இருந்தார். தாயும் தகப்பனும் போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அந்த அக்காதான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் உதவியாளராக வேலை. மருந்துத் துண்டு, கிளினிக் கார்டு எதுவாக இருந்தாலும் லயத்து ஜனங்கள் முதலில் அவரிடம்தான் கொண்டு போய்க் காட்டுவார்கள்.

'பூக்கட்டும்' என்பது செடிக்கு மட்டும் சொல்கிற சொல் அல்ல. கிரிக்கெட்டில் கடைசி ஓவர், ஆறு பந்துக்கு இரண்டு ஓட்டம், கையில் ஐந்து விக்கெட். நான் எழுந்து நின்று கை தட்டத் தொடங்கிவிட்டேன். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டு, பூக்கட்டும் என்றார். தேர்தல் நேரத்தில் மூன்று கட்சிக்காரர்கள் தனித்தனியாக வந்து யார் வெல்வார்கள் என்று கேட்டார்கள், மூன்று பேருக்கும் அதே பதில். ஒவ்வொருவரும் அவர் தங்கள் பக்கம் என்று நினைத்துக்கொண்டு போனார்கள். மனைவி கர்ப்பமாக இருந்தபோது, வயிறு இருக்கிற மேட்டைப் பார்த்தால் ஆண்தான் என்று லயமே தீர்ப்புச் சொல்லி, அக்கா நீலத் துணியில் சட்டைகூடத் தைத்துவிட்டார். இவர் மட்டும் வாய் திறக்கவில்லை. மகள் பிறந்தாள். நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு வருடம் வளர்ந்தாள்.

இந்தக் கதைகளை நான் வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பேன். என் மனைவி சிரிக்கவில்லை. "நாம இன்ஷா அல்லாஹ்னு சொல்றதத்தான் அந்த மனுசன் அப்படிச் சொல்றாரு. நீங்க அதையும் சொல்றல்ல, இதையும் சொல்றல்ல" என்றாள். அதற்குப் பிறகு நான் அவரைக் கேலி செய்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

பங்களாவில் இரண்டு பழைய கமீலியாச் செடிகள் இருந்தன. வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஒன்று, நல்ல சிவப்பு. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மற்றது, சுத்த வெள்ளை. கமீலியா வேறு யாரும் இல்லை, தேயிலையின் சொந்தச் சகோதரி. இலையைப் பார்த்தால் தேயிலைதான், பூவைப் பார்த்தால் ரோஜா. அவர் அதைப் பூத்தேயிலை என்பார். எந்தத் துரையின் மனைவி நட்டது என்று யாருக்கும் தெரியாது. இரண்டும் ஐம்பதடி இடைவெளியில், ஒன்றையொன்று பார்த்தபடி, வருடா வருடம் மார்கழி தையில் பூத்துக்கொண்டிருந்தன.

பௌர்ணமிக்கு விடுகிற ஒரு போயா லீவு நாளில் நான் மேலே போயிருந்தபோது, அவர் வெள்ளைப் பூவிலிருந்து மகரந்தத்தைக் கோழி இறகில் தொட்டு எடுத்துச் சிவப்புப் பூவின் நடுவில் தடவிக்கொண்டிருந்தார். சிவப்புப் பூவின் சொந்தக் கேசரங்களை முன்னமே கிள்ளி எடுத்துவிட்டிருந்தார். தடவி முடித்ததும், தொழிற்சாலையில் தேயிலைச் சாம்பிளைப் போட்டு அனுப்புகிற சின்னக் கடதாசிப் பையால் பூவை மூடி நூலால் கட்டினார். யாராவது சொல்லிக்கொடுத்ததா என்று கேட்டேன். இல்லை, வண்டு செய்கிறதைப் பார்த்ததுதான் என்றார். எனக்கு வகுப்பெடுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. அந்திமந்தாரையைச் சொன்னேன். சிவப்பு அந்திமந்தாரையையும் வெள்ளை அந்திமந்தாரையையும் சேர்த்தால் பிள்ளைச் செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும், எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது, இதுவும் அப்படித்தான் என்றேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "பூக்கட்டுங்க சேர்" என்றார்.

காய் வெடித்து ஐந்து விதைகள் கிடைத்தன. தேயிலை விதைக்குச் செய்கிற மாதிரியே தண்ணீரில் போட்டு, மிதந்த இரண்டை வீசிவிட்டு, அமிழ்ந்த மூன்றை நட்டார். ஒன்று முளைக்கவே இல்லை. ஒன்றை நத்தை தின்றது. மிஞ்சிய ஒன்றை, முழங்கால் உயரம் வந்ததும், பங்களாவின் பின்பக்கத்தில் தேயிலை மலை தொடங்கும் ஓரத்தில் ஊன்றினார். அன்றைக்கு எனக்குப் பொறுமை போய்விட்டது. பழைய தேயிலைப் பெட்டிகளின் விளிம்பில் அடித்திருக்கும் தகரப் பட்டி ஒரு துண்டு கொட்டிலில் கிடந்தது. அதை எடுத்து ஓர் ஆணியால் 'இளஞ்சிவப்பு' என்று கீறினேன். வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்று வீறாப்புப் பேசி, நிஜமாகவே எழுதிக் கொடுத்தேன். கட்டுவதற்குக் கம்பித் துண்டைக்கூட அவரே தேடி எடுத்துத் தந்தார். அடிக்கிளையில் கட்டினேன்.

அதன் பிறகு ஆறு வருடம். இலைதான் வந்தது. செடி என் இடுப்புக்கு வந்தது, பிறகு நெஞ்சுக்கு வந்தது. அவருடைய மகள் பாடசாலைக்குப் போய், எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகி, அந்தத் தகட்டைத்தான் முதலில் தடவித் தடவி வாசித்தாளாம். "சேர், இதுல ரோஸ் கலர் பூ எப்ப வரும்?" என்று அவள் கேட்டால் நான் அடுத்த தை என்பேன். அவர் என்ன சொல்வார் என்பதை எழுத வேண்டியதில்லை. என் மனைவியும் விடவில்லை. நான் மலைக்குப் போய்விட்டுத் திரும்பும் ஒவ்வொரு தடவையும் கதவைத் திறக்கும்போதே, "ஒங்கட ரோஸ் கலர் இன்னும் பூக்கல்லையா?" என்று கேட்பாள்.

ஏழாவது வருடம் கார்த்திகை கடைசியில் செடி மொட்டு வைத்தது. உச்சியில் பத்துப் பதினைந்து, கீழே ஒன்றிரண்டு. எல்லாம் பச்சை ஓட்டுக்குள் இறுக மூடி, நிறத்தைக் காட்டாமல் இருந்தன. அந்த நேரம் பார்த்து அவருடைய மகளுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது.

மாத்தளை ஆஸ்பத்திரியில் எட்டு நாள் வைத்திருந்தார்கள். தாய் வார்டில் பிள்ளையோடு, அவர் வெளியே வராந்தாவில். என் வீட்டிலிருந்து கஞ்சியும் சோறும் கொண்டு போவேன். நான்காம் நாள் இரத்தத்தட்டுகளின் எண்ணிக்கை மிகவும் இறங்கிவிட்டது. பிள்ளை தேறிவிடுவாள், பயப்பட வேண்டாம் என்று நான் வழக்கம்போல் அடித்துச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் சொல்வதை நம்ப எவ்வளவு ஆசைப்படுகிறார் என்று தெரிந்தது. ஆனாலும் 'பூக்கட்டும்' என்ற அந்தச் சொல்கூட வாயில் வரவில்லை. அன்று முழுக்க வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றார். அப்படியும் நான் சொன்னதுதான் நடந்தது, என் வாழ்நாளில் நான் சொன்னது பலித்ததற்காக அவ்வளவு சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான். எட்டாம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். ஒரு திரீவீலரில் நாலு பேருமாக மலைக்குப் போனோம்.

லயத்து வாசலில் அக்கா காத்துக்கொண்டிருந்தார். பிள்ளையைத் தூக்கி முத்தமிட்டு, வெள்ளைத் துணியைச் சுற்றித் திருஷ்டி கழித்து, பாயில் கிடத்தினார். பிறகு பழக்கத்தில், ஆஸ்பத்திரி கார்டை வாங்கிப் பிரித்து வாசித்தார். வாசித்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றுவிட்டார். டெங்குவுக்காக இரத்தம் சோதித்தபோது பிள்ளையின் இரத்த வகையையும் எழுதியிருந்தார்கள். ஏபி. தம்பியின் இரத்த தானக் கார்டை வீட்டில் பத்திரமாக வைத்திருந்தவர் அக்கா, அதில் ஏ. தம்பி மனைவியின் பிரசவக் கார்டை எழுதி அடுக்கியவரும் அக்கா, அதில் பி.

"தம்பி, நீ ஏ. இவ பி. அப்ப புள்ளைக்கு ஏ வரணும், இல்லாட்டி பி வரணும். இது வேற என்னமோ போட்டிருக்கு. இது நம்ம இரத்தம் இல்லையே."

சத்தமாகச் சொல்லவில்லை. கெட்ட எண்ணத்தில் சொன்னதாகவும் எனக்குத் தோன்றவில்லை, தன்னுடைய தம்பியை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்ற பயம்தான் அந்தக் குரலில் இருந்தது. ஆனால் லயத்தில் சத்தமாகச் சொன்னாலும் மெதுவாகச் சொன்னாலும் ஒன்றுதான். பக்கத்து வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. அவருடைய மனைவி ஆஸ்பத்திரிப் பையைக் கையில் பிடித்தபடி வாசற்படிக்கு வெளியே நின்றார். எட்டு நாள் தூங்காத முகம். அவர் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை, புருஷனை மட்டும் பார்த்தார்.

என்னிடம் பதில் இருந்தது. பத்தொன்பது வருடமாக வகுப்பில் சொல்லிவருகிற பதில். ஆனால் ஒரு குடும்பத்தின் வாசலில், இன்னொரு மனிதனின் மனைவியைப் பற்றிய பேச்சில், எனக்கு நாக்கு எழும்பவில்லை. அதைவிட ஒரு பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. இந்த மனிதர் இப்போது வாயைத் திறந்தால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 'பார்க்கலாம், பொறுங்கள்' என்ற அர்த்தத்தில் ஒரு சொல் அன்றைக்கு வந்திருந்தால், அந்தப் பெண் அந்த வாசற்படியை ஏறியிருக்க மாட்டார். பையோடு அப்படியே தாய் வீட்டுக்கு நடந்திருப்பார்.

அவர் பாயருகே குந்தி, மகளின் கால் மேல் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார். நிமிரக்கூட இல்லை.

"அக்கா, இது என் புள்ளை. இதுல பாக்குறதுக்கு ஒண்ணுமில்ல."

அவ்வளவுதான். ஒரு மூச்சு நேரம்கூட யோசிக்கவில்லை. அவருடைய மனைவி பையைக் கீழே வைத்தார். "புள்ளைக்குச் சுடுதண்ணி வைக்கணும்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனார். நான் வெளியே வந்து, மலையைப் பார்ப்பதுபோல் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பிறகு அக்காவைத் தனியே கூப்பிட்டு, ஒரு குச்சியால் மண்ணில் கட்டம் போட்டு விளக்கினேன். தகப்பனிடமிருந்து ஏ வரும், தாயிடமிருந்து பி வரும், இரண்டும் பிள்ளையில் சேர்ந்தே நிற்கும், அதற்குத்தான் ஏபி என்று பெயர், தாய் தகப்பன் இரண்டு பேருக்கும் அதுவே சாட்சி என்றேன். அக்கா கட்டத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "படிச்சவங்க நீங்க சொல்றீங்க. ஆனா ரெண்டு பேரு சேந்தா ஒண்ணுதானே சேர் ஜெயிக்கும்? ரெண்டும் எப்படி நிக்கும்?" என்றார். தம்பி மனைவிக்குப் பரிந்து பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுபோனது. அக்கா வீட்டில் இருந்து வரும் ரொட்டி வரவில்லை. பிள்ளை 'அத்தை' என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடினால், தாய் அவளைப் பேசாமல் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் இரண்டு வாசலுக்கும் நடுவில் நின்று இளைத்துப்போனார்.

அக்கா கார்டை வாசித்த அதே நாளில் இன்னொன்றும் நடந்திருந்தது. பிள்ளையைப் படுக்கவைத்துவிட்டு நாங்கள் இருவரும் பங்களாவின் பின்பக்கம் போனோம். செடி பாதியாகக் குறைந்து நின்றது. அவர் இல்லாத எட்டு நாளில் தோட்டத்தைத் துப்புரவாக்க மலையிலிருந்து ஓர் ஆளை அனுப்பியிருக்கிறார்கள். கவ்வாத்து வெட்டுவதில் கைதேர்ந்தவர். தேயிலை மலை ஓரத்தில், தேயிலை இலையோடு, ஆள் உயரத்துக்கு வளர்ந்து, போதாக்குறைக்கு மொட்டும் வைத்திருந்த ஒரு செடியைப் பார்த்தால் அவர் வேறு என்ன செய்வார்? கொழுந்து எடுக்கிற தேயிலை பூத்தால் அது கவனிப்பார் இல்லாத தேயிலை, மலைக்கே அவமானம். மேசை போலத் தட்டையாக வெட்டிச் சாய்த்திருந்தார். "பூ வச்சிருந்திச்சுங்க, அதான் வெட்டினேன்" என்று அவர் பிறகு வந்து, பாராட்டை எதிர்பார்க்கிற முகத்தோடு சொன்னார்.

ஆனால் முழுதும் வெட்டவில்லை. அடிப்பக்கம் ஒரு கிளை மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. ஏன் என்று கேட்டோம். தோட்டத்தில் ஆராய்ச்சிக்கு என்று ஒதுக்கிய தேயிலையில் தகரத் தகடு கட்டியிருப்பார்கள். அந்தச் செடியில் கத்தி வைத்தால் வேலை போய்விடும். மேலிருந்து வெட்டிக்கொண்டே வந்த மனிதருக்கு அடிக்கிளையில் ஒரு தகடு கண்ணில் பட்டிருக்கிறது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. கத்தியை நிறுத்திவிட்டார். நான் வீறாப்புப் பேசிக் கட்டிய தகடு. அந்தக் கிளையின் நுனியில் ஒரே ஒரு மொட்டு மிஞ்சியிருந்தது.

தை மாதம் நடுவில் அவரிடமிருந்து போன் வந்தது. பூத்துவிட்டது, வந்து பாருங்கள் என்றார். என்ன நிறம் என்று கேட்டேன். வந்து பாருங்கள் என்றார் மறுபடியும். ஜும்ஆ முடிந்த கையோடு பஸ் ஏறினேன்.

பூ என் உள்ளங்கை அளவு. இளஞ்சிவப்பு எங்கேயும் இல்லை. ஓர் இதழ் முழுச் சிவப்பு, வாசல் கேட்டுச் செடியின் அதே சிவப்பு. பக்கத்து இதழ் முழு வெள்ளை. மற்ற இதழ்களில் வெள்ளையில் சிவப்புத் திட்டு, சிவப்பில் வெள்ளைத் திட்டு. எந்த இடத்திலும் ஒன்று மற்றதைக் கரைக்கவில்லை, ஒன்றின் பின்னால் மற்றது மறையவும் இல்லை. நோய் பிடித்த செடியிலும் இப்படித் திட்டு விழும் என்று ஒரு சந்தேகத்தில் இலைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், ஒரு மஞ்சள் புள்ளி கிடையாது. பிறகுதான் எனக்கு உறைத்தது. இதற்குப் பெயர் இணையாட்சி, இரண்டு பண்பும் ஒன்றையொன்று அடக்காமல் சேர்ந்தே வெளியே தெரிவது. இதே சொல்லைக் கரும்பலகையில் எழுதி, கீழே ஏபி இரத்தத்தை உதாரணம் காட்டி, எத்தனையோ தடவை பாடம் எடுத்தவன் நான். மண்ணில் கட்டம் போட்டு அக்காவுக்கு விளக்கியவன் நான். அதே விஷயம் ஒரு பூச்செடியில் வரலாம் என்று ஏழு வருடமாக என் மண்டையில் ஏறவில்லை.

தகட்டை அவிழ்க்கப் போனேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அது இருக்கட்டும் சேர். அது இல்லாட்டி செடி ஏது?" என்றார்.

அக்காவைக் கூட்டிக்கொண்டு வரும்படி நான்தான் சொன்னேன். அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் வேலை முடிந்து ஆஸ்பத்திரி உடுப்போடு வந்தார். சிவப்புச் செடி எங்கே, வெள்ளைச் செடி எங்கே என்று கேட்டு, இரண்டுக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்து பூவின் முன்னால் குந்தினார். விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, ஒரு சிவப்புத் திட்டைத் தேய்த்துப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. நான் வகுப்பெடுக்கத் தொடங்கும் முன் அவர் தம்பி என் பக்கம் திரும்பிப் பார்த்தார், நான் வாயை மூடிக்கொண்டேன்.

வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் அக்கா. "செவப்பும் கொறையல. வெள்ளையும் கொறையல" என்றார், தனக்குத்தானே. பிறகு என்னிடம் கேட்டார், "இரத்தமும் இப்படித்தானா சேர்?" ஆமாம் என்றேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்தவருக்குக் கால் மரத்துப்போயிருந்தது, தம்பி தோள் கொடுத்தார்.

அன்று சாயந்தரம் அக்கா ஒரு தட்டில் ரொட்டியும் கட்டாச் சம்பலும் மூடி எடுத்துக்கொண்டு வந்து, தம்பி வீட்டு வாசலில் நின்றார். "அரைகுறையா படிச்சிட்டு வாயால சொல்லக்கூடாததச் சொல்லிட்டேன்மா" என்றார். தம்பி மனைவி திரும்பி அடுப்பைக் கவனித்தார். கொஞ்ச நேரம் அவரை நிற்கத்தான் வைத்தார், அந்த உரிமை அவருக்கு இருந்தது. பிறகு ஒரு பலகையை நகர்த்திப் போட்டு, "உக்காருங்க மதினி. இவ ஒங்கள கேட்டுக்கிட்டே இருக்கா" என்றார். பிள்ளை அதற்குள் அத்தையின் மடியில் ஏறி ரொட்டியைப் பிய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

மூன்று வருடமாக அவர் இங்கே இல்லை. சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் தோட்ட வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டார். அக்காவும் பென்ஷன் எடுத்துக்கொண்டு கூடவே போய்விட்டார் என்று கேள்வி. ஞாயிற்றுக்கிழமைகளில் பலாபத்வல வீதியோரத்தில் இப்போது படம் கட்டிய செடிகள் மட்டும்தான். பங்களாச் செடி ஆள் உயரத்துக்கு மறுபடியும் வளர்ந்து, தையில் முப்பது நாற்பது பூப் பூக்கிறது. சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்துக் குலுங்கும் செடியில் 'இளஞ்சிவப்பு' என்று ஒரு தகடு தொங்குவதைப் பார்த்து, தமிழ் தெரிந்த விருந்தினர்கள் சிரித்துவிட்டுப் போகிறார்களாம். நன்றாகச் சிரிக்கட்டும்.

பூவைப் பார்த்த அன்று, ரொட்டி தின்ற பிறகு, அவர் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தார். கல்மேட்டில் உட்கார்ந்திருந்தோம். மனதில் ஒன்றரை மாதமாகக் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். செவ்வந்திக்கு நிறம் சொல்லமாட்டீர்கள், கிரிக்கெட்டுக்குச் சொல்லமாட்டீர்கள், அன்றைக்கு மட்டும் அக்காவுக்கு எப்படி அந்த நிமிடமே பதில் சொன்னீர்கள், நான் விளக்கம் சொல்லும்வரைகூடக் காத்திருக்கவில்லையே என்றேன்.

அவர் காதிலிருந்த ஈர்க்கை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டு வருஷமா அவகூட இருக்கேன் சேர். அது எப்பவோ பூத்திருச்சு."

வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ்ஸின் சத்தம் கேட்டது. மாத்தளை பஸ்தானே என்று கேட்டபடி எழுந்தேன். வரட்டும், பார்ப்போம் என்றார்.